உள்ளங்கை ஆல்பமும் எட்டாம் தேதியும்

போட்டோ என்றால் அதில் ஆளுக்குத் தலை இருக்கவேண்டும். உர்சுலா தன் கணவரிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் சூசைநாதன் எடுத்த படங்களில் அவளுடைய தலை முழுதாக விழுந்தவை நான்கே நான்கு. ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதில் தலை இருந்தது, ஆனால் பாதிப் படத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது. அவர் எடுத்த படங்களில் மீனுக்கு மட்டும் ஒருநாளும் தலை வெட்டுப்பட்டதில்லை.

“நீ அசைஞ்சிருப்பே,” என்பார்.

“அசைஞ்சா மங்கலாத்தாங்க விழும். கழுத்தோட காணாமப் போகுமா?”

அதைக் கேட்டதும் தூண்டில் நூலைச் சிக்கெடுக்க உட்கார்ந்துவிடுவார்.

உர்சுலா பிறந்தது சிங்கப்பூரின் தேக்காவில், ஒரு லாரி டிரைவரின் மூத்த மகளாக. பதினாறு வயதில் டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் காதர் நடத்திய அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தாள். பில் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், மாதா கோயில் ஜெபப் புத்தகங்கள் எல்லாவற்றையும் மடித்து, அடுக்கி, தைத்து, ஒட்டுவதுதான் வேலை. ஆறு வருடம் அதைச் செய்தாள். 1953இல் கல்யாணத்துக்காக வேலையை விட்டபோது அப்துல் காதர் அவளுக்கு ஒரு மூட்டை காகிதத் துண்டுகளைக் கொடுத்து அனுப்பினார். வெட்டும் இயந்திரத்தில் ஓரமாக விழுகிற தடித்த கறுப்புத் தாள்கள். எதுவும் உள்ளங்கையை விடப் பெரிதில்லை.

அந்தத் துண்டுகளில்தான் குட்டி ஆல்பங்கள் பிறந்தன. சூசைநாதனின் பெட்டி கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். பெரிதாக்காமல் கழுவினால் ஒவ்வொன்றும் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சதுரம். பன்னிரண்டு கறுப்புத் தாள், பழைய காலண்டர் அட்டை, ரவிக்கை தைத்து மிஞ்சிய துணி. மைதாவைக் காய்ச்சி, கரப்பான் அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டால் பசை தயார். ஒரு சுருள், ஒரு ஆல்பம். நாத்தனார் ஜோசபினின் பூப்பந்தாட்டத்துக்கு ஒன்று. மகள் ஸ்டெல்லாவின் தபால்தலைகளுக்கு ஒன்று. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழாவுக்கு ரயிலில் போய்வந்ததற்கு ஒன்று. போர்ட் டிக்ஸன் கடற்கரையில் மூன்று நாளும் மழை பெய்ததற்குக்கூட ஒன்று இருந்தது. அதில் எல்லாரும் குடையோடு நிற்பார்கள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் வெள்ளைப் பென்சிலால் தேதி, கிழமை, இடம், ஆட்கள் பெயர். இது இல்லாமல் உர்சுலா ஒரு படத்தையும் ஒட்டமாட்டாள். பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், மிட்டாய்க் காகிதம் என்று கையில் அகப்பட்டதையும் பக்கத்தில் ஒட்டுவாள்.

இதையெல்லாம் அந்த வீட்டில் யாராவது மதித்தார்களா என்று கேட்டால், அதைச் சொல்லத் தொடங்கினால் அவளுக்கே மூச்சு வாங்கும். ஜோசபினுக்குக் கிளப்பில் சேரப் படம் வேண்டுமென்றால் ஸ்டூடியோவுக்குப் போகமாட்டாள். ஆல்பத்திலிருந்து நகத்தால் பிய்த்துக்கொண்டு போவாள். “இன்னொண்ணு ஒட்டிக்கலாம்ல அண்ணி, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்குறீங்க லா,” என்பாள். சூசைநாதன் காப்பிக் குவளையை ஆல்பத்தின்மேல் வைப்பார். போர்ட் டிக்ஸன் அட்டையில் இரண்டு வட்டம் இன்றைக்கும் இருக்கிறது. ஸ்டெல்லா தன் தபால்தலை ஆல்பத்திலிருந்து தபால்தலைகளைப் பள்ளிக்கூடத்தில் பண்டமாற்றுச் செய்துவிட்டு வெறுந்தாளைக் கொண்டுவந்து கொடுத்து, “அம்மா, இந்தத் தாளை மாத்தித் தைச்சுக் குடுங்க,” என்பாள். தைத்த நூலைப் பிரித்து ஒரு தாளை மாற்றுவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள்.

குவீன்ஸ்டவுனில் அவர்கள் குடியிருந்தது ஏழு மாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி. சூசைநாதன் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. சம்பளத்துக்குக் கணக்கும் கடிதமும் எழுதுகிற வேலை. மனசெல்லாம் பொங்கோல் கடலில். தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பஸ் மாறி மாறிப் போய், சம்பான் படகை வாடகைக்கு எடுத்து நாள் முழுக்கத் தூண்டில் போடுவார். திரும்பும்போது பெரும்பாலும் கையில் இருப்பது சந்தையில் வாங்கிய மீன்.

1962 ஆகஸ்ட் எட்டாம் தேதி, புதன்கிழமை, அவருக்கு நிஜமாகவே ஒரு மீன் மாட்டியது.

அன்று பள்ளி விடுமுறை. “ஆபீஸ்ல லீவு குடுத்துட்டாங்க, எல்லாரும் கிளம்புங்க,” என்று காலையில் அவர் சொன்னபோது உர்சுலா சந்தேகப்படவில்லை. லீவு கொடுத்தால் கொடுத்திருப்பார்கள். பகல் பன்னிரண்டு மணி வாக்கில், கரையில் தென்னை நிழலில் அவளும் ஸ்டெல்லாவும் பொட்டலச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சம்பானிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று நினைத்து உர்சுலா ஓடினாள். ஒரு கொடுவா. ஸ்டெல்லாவின் இடுப்பு உயரம் இருந்தது.

பன்னிரண்டு படத்தையும் அந்த மீனுக்கே செலவழிக்கச் சொன்னார். மீன் தனியாக, மீனோடு அவர், மீனை முத்தமிடுவதுபோல் அவர். கேமரா அன்றைக்கு உர்சுலா கையில் இருந்ததால் எல்லாருக்கும் தலை இருந்தது. சண்டை போட்டு இரண்டு படத்தை மட்டும் மகளுக்காகக் காப்பாற்றினாள்.

ஆல்பம் அழகாக வந்தது. நீலப் பூப்போட்ட சீட்டித் துணியில் அட்டை. முதல் பக்கத்தில் ‘பொங்கோல், 8-8-1962, புதன். அப்பா பிடித்த கொடுவா, எடை ஆறு காட்டி.’ பக்கத்தில் போக வர வாங்கிய பஸ் டிக்கெட்டுகள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாகச் சூசைநாதன் ஓர் ஆல்பத்தைக் கையில் எடுத்து, காப்பிக் குவளையை எட்ட வைத்துவிட்டுப் பார்த்தார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அவருடைய மேலாள், பெரிய கிராணி துரைசாமி, மனைவி மங்களத்தோடு வீட்டுக்கு வந்தார். உர்சுலா மூன்று நாளாகப் பைனாப்பிள் டார்ட்டும் அச்சு முறுக்கும் செய்து களைத்திருந்தாள். துரைசாமி அதிகம் பேசாத மனிதர். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டைரியும் பேனாவும் இருக்கும். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஸ்டெல்லா, “அங்கிள், எங்கப்பா புடிச்ச மீனைப் பாக்குறீங்களா?” என்று ஆல்பத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

துரைசாமி முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். கண்ணாடியை மேலே தள்ளிக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்தத் தேதி சரிதானாம்மா?” என்று கேட்டார்.

உர்சுலாவுக்குச் சுருக்கென்றது. வேறு என்ன சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். “சார், என் ஆல்பத்துல தேதி தப்பா இருந்ததே இல்ல. அன்னைக்குப் புதன்கிழமை. பஸ் டிக்கெட்டே ஒட்டியிருக்கேன், பாருங்க. காலையில ஏழு மணிக்குக் கிளம்பி சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் வந்தோம்.”

துரைசாமியின் நாற்காலிக்குப் பின்னால், கையில் ஆரஞ்சு பானத் தட்டோடு நின்ற சூசைநாதன் கண்களை உருட்டினார், தலையை ஆட்டினார், உதட்டைக் கடித்தார். அவருக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று உர்சுலா நினைத்தாள். “தண்ணி விட்டுக் கழுவுங்க,” என்றுகூடச் சொன்னாள்.

துரைசாமி டைரியை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். ‘8 ஆகஸ்ட், புதன்’ என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டுப் பையில் வைத்துக்கொண்டார். சூசைநாதன் தட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

அவர்கள் போன பிறகுதான் விஷயம் வந்தது.

“அன்னைக்கு நான் எம்.சி. போட்டிருந்தேன்டி!”

“எம்.சி.யா? யாருக்கு உடம்பு சரியில்ல?”

“எனக்குத்தான். வயித்து வலின்னு டாக்டர்கிட்டச் சொல்லி முந்தின நாளே சர்டிபிகேட் வாங்கி வச்சிருந்தேன். இப்ப மாட்டிக்கிட்டேன். பஸ் டிக்கெட்டோட மாட்டிக்கிட்டேன்! உலகத்துல எவளாவது பஸ் டிக்கெட்டை ஒட்டுவாளா?”

உர்சுலா பேச ஆரம்பித்தாள். பேச்சு நின்றபாடில்லை. “பொய் சொன்னது நீங்க. எங்கிட்டயும் சேர்த்துச் சொன்னது நீங்க. குத்தம் என் தேதியோடதா? லீவுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்களே, நான் என்ன பூதக்கண்ணாடி வச்சா பாத்தேன்?”

ஜோசபின் அண்ணன் பக்கம். “அண்ணி, நீங்க ‘மீன்’னு மட்டும் எழுதியிருக்கலாம். யாரு உங்களைக் கேட்டா?”

ஜனவரியில் சூசைநாதனைப் பழைய கோப்புகள் இருக்கும் ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “எல்லாம் அந்த எட்டாம் தேதியால வந்த தண்டனை,” என்றார். மறுநாள் உர்சுலா சந்தைக்குப் போய்த் திரும்பியபோது, அவர் ஜன்னலோரம் அமர்ந்து, சவரப் பிளேடால் ஆல்பத்தின் முதல் பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தேதி போயிருந்தது. கூடவே தாளும் போய், விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. பஸ் டிக்கெட்டுகள் தரையில் கிடந்தன.

உர்சுலா ஆல்பத்தை வாங்கினாள். பசைக் கிண்ணம், ஊசி, நூல், வெள்ளைப் பென்சில், மீதமிருந்த கறுப்புத் தாள்கள் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

“துரைசாமி சார்கிட்டப் போய் நடந்ததை உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் பசை காய்ச்சுறேன்.”

“உனக்குப் பைத்தியமா? அவருதான் தெரிஞ்சு தண்டனையும் குடுத்துட்டாரே!”

“அவரு கண்டுபுடிச்சது வேற. நீங்க சொல்றது வேற.”

அவர் போகவில்லை. அவளும் பெட்டியைத் திறக்கவில்லை. இரண்டு வருடம் ஓடியது. ஸ்டெல்லாவின் பள்ளி விளையாட்டு விழாப் படங்களும், ஜோகூரில் அருவிக்குப் போன படங்களும் அலமாரி மூலையில் கவரோடு கிடந்தன. சிங்கப்பூர் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் ஒருவர் மூக்கு இன்னொருவர் முதுகில் வந்தது. அதைப் பார்த்தும் உர்சுலா அசையவில்லை. “நானே ஒட்டுறேன்,” என்று ஜோசபின் ஒருமுறை சோற்றுக் கஞ்சியால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்துப் படம் ஒட்டினாள். ஒரு மாதத்தில் கரப்பான்கள் அவளுடைய பந்தாட்ட மட்டையையும் வலது கையையும் தின்றுவிட்டன.

1965 தொடக்கத்தில் ஜோசபினுக்கு ஈப்போவில் மாப்பிள்ளை நிச்சயமானது. அப்போதுதான் அவளுக்குப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகத் தன் படங்களெல்லாம் ஓர் ஆல்பமாக வேண்டுமென்று தோன்றியது.

“அண்ணி, எனக்காக ஒண்ணே ஒண்ணு...”

“உங்க அண்ணன்கிட்டக் கேளு.”

அதுவரை அண்ணன் பக்கம் நின்றவள் அன்றிலிருந்து அண்ணனை விடவில்லை. காலையில் சவரம் செய்யும்போது கேட்டாள், சாப்பிடும்போது கேட்டாள், கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். மூன்றாவது வாரம் சூசைநாதன் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஓஃபீர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்ததும், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருந்த துரைசாமி வீட்டுக்குக் கணவனும் மனைவியும் நடந்தார்கள். வழியெல்லாம் அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மங்களம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். சூசைநாதன் அதைத் தொடாமல் எழுந்து நின்று, பள்ளிப் பையன் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்: ஆகஸ்ட் எட்டாம் தேதி, வயிற்று வலி என்றது பொய், எம்.சி. பொய், மீன்பிடிக்கப் போனது உண்மை, மன்னிக்கவேண்டும்.

துரைசாமி நெற்றியைச் சுருக்கினார். “எந்த எட்டாம் தேதி?”

“நீங்க டைரியில எழுதினீங்களே சார். கொடுவா.”

“ஓ, அந்தக் கொடுவா!” துரைசாமியின் முகம் மலர்ந்தது. “நானும் ஞாயித்துக்கிழமையில பொங்கோல் போறவன்தாம்பா. ஆகஸ்ட் மாசத்துல கொடுவா கடிக்குதான்னு தெரிஞ்சுக்கத்தான் எழுதினேன். அடுத்த வருஷம் அதே வாரம் போனேன். ஒரு கெளுத்திகூட மாட்டல.”

“அப்ப ரெக்கார்டு ரூம்...?”

“உன் கையெழுத்து நல்லா இருக்கே. முன்ன இருந்தவரு எழுதினது அவருக்கே புரியாது. கம்பெனி வெள்ளைக்காரத் துரை நல்ல ஆளாக் கேட்டாரு, நான் உன் பேரைச் சொன்னேன். தண்டனைன்னா நெனைச்சே?”

உர்சுலா காப்பிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம். இரண்டு வருடப் படங்கள் அலமாரியில் ஒட்டிக்கொண்டு கிடந்ததற்கு இதுவா காரணம்?

துரைசாமியின் முகம் மெல்ல மாறியது. “இரு இரு. எம்.சி.ன்னா சொன்னே?”

“ஆமா சார்.”

“ஆகஸ்ட் எட்டு... அன்னைக்குத்தானே ரெண்டு கப்பல் ஒண்ணா வந்து நின்னுச்சு? உன் வேலையையும் சேர்த்து நான்தானே பாத்தேன்? மத்தியானம் சாப்பிடக்கூட எந்திரிக்கல நான்!”

“விடுங்களேன், பழைய கதை,” என்றாள் மங்களம்.

“விடமாட்டேன். தெரியாதவரைக்கும் சரி. தெரிஞ்ச பின்னாடி பேசாம இருந்தா நான் என்ன பெரிய கிராணி? சூசை, இந்த வருஷ லீவுல உனக்கு ஒரு நாள் வெட்டு.” டைரி வெளியே வந்தது. இந்த முறை அவர் இரண்டு கோடு போட்டார்.

தெருவுக்கு வந்ததும் சூசைநாதன் நின்றார். “சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான். ஊதச் சொன்னது நீ.”

உர்சுலாவுக்கு அவர்மேல் கோபம் வந்தது. துரைசாமிமேல் வந்தது. தேதியைக் குறித்துக்கொள்கிற மனுஷன், எதற்குக் குறிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தன்மேலும் வந்தது. தானும்தானே அந்த ரெக்கார்டு ரூமைத் தண்டனை என்று நம்பினாள்? ஆனாலும் அவர் எழுந்து நின்று ஒப்பித்ததை நினைத்தபோது, தான் கேட்டது தவறு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

“பொய் பொய்தாங்க,” என்றாள் கடைசியில். “வாங்க, பஸ் வருது.”

அன்று மாலையே டிரங்குப் பெட்டி திறந்தது. முதலில் கொடுவா ஆல்பம். ஓட்டையின்மேல் பின்பக்கமாக ஒரு கறுப்புத் துண்டை ஒட்டி, காய்ந்தபின் தேதியைத் திரும்ப எழுதினாள். பிறகு ஜோசபினுக்கு. பிய்த்துக்கொண்டு போன படங்களையெல்லாம் கிளப்பிலிருந்தும் தோழிகளிடமிருந்தும் அவளே அலைந்து திரும்ப வாங்கிவர வேண்டும் என்று உர்சுலா சொல்லிவிட்டாள். ஜோசபின் ஒன்பதைத்தான் மீட்டாள். ஒன்பது பக்க ஆல்பம்தான் ஈப்போவுக்குப் போயிற்று.

ஜூலையில் மூவரும் மறுபடி புக்கிட் மெர்தாஜாமுக்குக் கிளம்பினார்கள். ஸ்டெல்லாவின் ஆசிரியைக்கு என்ன எழுதுவது என்று உர்சுலா யோசித்தபோது, “காய்ச்சல்னு எழுதிடேன்,” என்று சூசைநாதன் சொல்லிவிட்டு, அவள் பார்த்த பார்வையில் மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். திருவிழாவுக்குப் போகிறோம் என்றே எழுதினாள். ஆசிரியை சரி என்றார்.

இரண்டு நாள் ரயில், மூன்று நாள் அங்கே என்று அவள் திட்டம் போட்டிருந்தாள். வெட்டுப்பட்ட ஒரு நாளால் அங்கே தங்குவது இரண்டு நாளானது. கடைசி நாள் மெழுகுவர்த்திப் பவனிக்கு ஜனங்கள் மலையடிவாரத்தில் வந்து குவிந்துகொண்டிருந்த பகலில், இவர்கள் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். “எல்லாரும் வர்றாங்க, நாம ஏம்மா போறோம்?” என்று ஸ்டெல்லா வழியெல்லாம் கேட்டாள். உர்சுலா கணவரைப் பார்த்தாள். அவர் ரயில் அட்டவணையை மிகவும் கவனமாகப் படித்தார்.

அந்தச் சுருளில் பதினொரு படம்தான் எடுத்திருந்தார்கள். பன்னிரண்டாவது தாளை உர்சுலா கிழித்துவிடவில்லை. காலியாக விட்டு, அடியில் எழுதினாள்: ‘26-7-1965, திங்கள். மெழுகுவர்த்திப் பவனி. பார்க்கவில்லை. அப்பாவுக்கு ஒரு நாள் லீவு குறைவு.’

சூசைநாதன் அதைப் படித்தார். “இதையும் எழுதணுமா?”

“நடந்ததுதானே?”

“யாராவது ஏன்னு கேப்பாங்க.”

“கேட்டா நீங்களே சொல்லுங்க.”

அவர் ஆல்பத்தை மூடி அலமாரியின் மேல்தட்டில், ஸ்டெல்லாவுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஆமினா பீவி, படங்களைப் பார்க்கலாமா என்று கேட்டு வந்தபோது, உர்சுலா முக்காலியைப் போட்டு ஏறி அதை எடுத்துக் கொடுத்தாள். சூசைநாதன் பிளேட்டில் பாதி ரொட்டியை விட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.